பாலவனத்தத்து வானம்

மழை வெறித்த கார்த்திகை முன்னிரவில், பாலவனத்தத்துக் கரிசல் வரப்பில் நின்று வடதிசையில் அண்ணாந்து நோக்குவார்க்கு வெண்புகைத் திட்டாக மட்டுமே தோற்றும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தில், ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், இளம் நக்ஷத்திரங்கள் எங்கெங்கே ஜனித்திருக்கின்றன என்பதை, 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி பகுதி பகுதியாகப் படமெடுத்திருக்கிறது. அத்தகைய உஷ்ண நக்ஷத்திரங்களின் கதிர் பட்டு எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன், அதை மீண்டும் பற்றுகையில் செவ்வொளி வீசுமாதலால், செவ்வொளிப் படத்தையும் புறஊதாப் படத்தையும் அருகருகே வைத்து, சிவப்பு அணைந்தும் புறஊதா மிஞ்சிய இடங்களைச் சற்றே மூத்த குடியிருப்புகள் என்று கணிக்கலாம். வர்ணஜாலத்தை மட்டும் வியந்துவிட்டுப் பக்கம் புரட்டுகிற நம் பத்திரிகைகள் (என் பத்தியும் விலக்கல்ல) இந்த நுட்பத்தைச் சொல்வதில்லை. 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊரான இந்தப் பாலவனத்தத்தில், பள்ளிச் சுவர் ஒன்றிலேனும் ஆண்ட்ரோமெடாவின் இப்படம் தெளிந்த தமிழ் விளக்கத்தோடு தொங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.