காரின் பின்சக்கர பிரேக்: வீட்டிலேயே மாற்றலாமா?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே புதுச் சாலை வந்துவிட்டது!

2025–ம் ஆண்டு ஏப்ரல் 6–ந் தேதி, பிரதமர் நரேந்திர மோடி ராமேசுவரத்துக்கு வந்தார். பாம்பன் புதிய ரெயில் பாலத்தைத் திறந்து வைத்தார். அதே விழாவில், பூண்டியாங்குப்பம் – சட்டநாதபுரம் நான்கு வழிச் சாலையையும் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதன் நீளம் சுமார் 57 கிலோ மீட்டர்.

பூண்டியாங்குப்பம், கடலூருக்குத் தெற்கே உள்ள ஊர். சட்டநாதபுரம், சீர்காழியை ஒட்டியது. இரண்டுக்கும் இடையே சிதம்பரம் இருக்கிறது.

முன்பெல்லாம் இந்த வழியில் கார் ஊர் ஊராக நுழைந்து போகும். ஆலப்பாக்கம் வரும், புதுச்சத்திரம் வரும், கடைத்தெரு வரும். வேகம் தானாகக் குறையும்.

இப்போது அப்படி இல்லை. சாலை அகலமாக இருக்கிறது. கால் தானாக அழுத்துகிறது. முள் 80–ஐத் தாண்டுகிறது.

சாலை புதிது. சரி! அதில் ஓடுகிற காரின் பிரேக் எப்படி இருக்கிறது? அதை யார் பார்த்தார்கள்?

நிற்க எத்தனை மீட்டர்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கார் 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. குறுக்கே ஒரு மாடு வருகிறது. அதைக் கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் கார் 11 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க 9 மீட்டர். மொத்தம் 20 மீட்டர்.

வேகம் 80 ஆனால்? கால் வைப்பதற்குள் 22 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு 35 மீட்டர். மொத்தம் 57 மீட்டர்!

வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பின் கார் ஓடும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. இது இயற்கையின் சட்டம். இதை யாராலும் மாற்ற முடியாது.

இந்தக் கணக்கு கூட, நல்ல பிரேக்குக்கும் காய்ந்த சாலைக்கும்தான் பொருந்தும். தேய்ந்த பிரேக் என்றால் தூரம் இன்னும் கூடும். மழை என்றால் அதற்கும் மேலே!

2022–ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாவற்றுக்கும் பிரேக் காரணம் அல்ல. வேகமே பெரிய காரணம். ஆனால் வேகத்தை அடக்கும் ஆயுதம் பிரேக் ஒன்றுதானே!

பின்சக்கரத்தை யாரும் பார்ப்பது இல்லை

பிரேக் பிடித்ததும் காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பஸ்சில் நிற்கிறவர்கள் முன்னால் சாய்வது போலத்தான். ஆகவே முன்சக்கர பிரேக்குக்கே வேலை அதிகம். அதுவே பொதுவாகச் சீக்கிரம் தேயும்.

இதனால் என்ன ஆகிறது? முன்பக்கத்தை மெக்கானிக் பார்க்கிறார். பின்பக்கம், "அது இருக்கும் சார், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போகிறது. ஆனால் நிறுத்திய காரை நகராமல் பிடித்து வைக்கும் ஹேண்ட் பிரேக், பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது!

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். நம் நாட்டில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில், பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். மூடிய சட்டி போல இருக்கும். உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு "பிரேக் ஷூ" இருக்கும். பெரிய கார்கள் சிலவற்றில் பின்பக்கமும் டிஸ்க் பிரேக். அதில் ஒரு இரும்புத் தட்டு சுழலும். அதை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிப்பதுதான் "பிரேக் பேட்".

உங்கள் காரில் எது? காருடன் தந்த புத்தகத்தில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். டிரம் பிரேக்கைப் பிரித்தால் ஸ்பிரிங்குகள் தெறிக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்கக் கூடாது. இனி நாம் பேசுவது டிஸ்க் பிரேக்கைப் பற்றி.

தேருக்கும் பிரேக் உண்டு!

சிதம்பரத்துக்காரர்களுக்கு பிரேக் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை. ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளையும் சுற்றி வருகின்றன. தேரை இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அதை நிறுத்துவது யார்? சக்கரத்தின் ஓரமாகவே நடந்து வந்து, சமயம் பார்த்து முட்டுக்கட்டை போடுகிறார்களே, அவர்கள்தான்! ஒரு கட்டை தவறினாலும் ஆபத்து.

திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. திருச்சி "பெல்" நிறுவனம் செய்து கொடுத்தவை அவை. ஆனாலும் முட்டுக்கட்டை போய்விடவில்லை.

இதை ஏன் சொல்கிறோம்? பின்சக்கர பிரேக்கை மாற்றும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். அது பிடித்திருந்தால் வேலை நடக்காது. விடுவித்தால் கார் உருளும்! ஆகவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தேருக்குப் போட்ட அதே முட்டுக்கட்டைதான் இங்கும் உயிரைக் காக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது?

செல்போனில் படம் பார்த்து, வாசலிலேயே பிரேக் பேட் மாற்றுகிறவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். படத்தில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்து விடுகிறது. உண்மையில் என்ன நடக்கிறது?

முதலில் சமதரையில் காரை நிறுத்த வேண்டும். சக்கர போல்ட்டுகளை, கார் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்த வேண்டும். பிறகு, புத்தகம் காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டை அடியில் கொடுக்க வேண்டும். செங்கல் அடுக்குவது வேண்டாம், அது நொறுங்கும். சக்கரம் கழற்றிய காரின் அடியில் தலையையோ காலையோ நீட்டக் கூடாது. வேலை முடியும் வரை குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுத்து, பேடுகளைப் பிடித்திருக்கும் "காலிப்பர்" என்ற பாகத்தைக் கழற்ற வேண்டும். அதை ரப்பர் குழாயில் தொங்க விடக் கூடாது. கம்பி போட்டுக் கட்டி வைக்க வேண்டும். குழாய் பழுதானால் பிரேக் ஆயில் கசியும்.

பழைய பேடுகளை எடுத்துப் பாருங்கள். புதிய பேடின் கனம் பொதுவாக 10 மில்லி மீட்டர் அளவில் இருக்கும். தேய்ந்து 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. இடது, வலது இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

மூன்று பொறிகள்

பின்பக்க வேலையில் மூன்று இடத்தில் பலர் மாட்டிக் கொள்கிறார்கள்.

ஒன்று: பிஸ்டன். முன்சக்கரத்தில் பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போய்விடும். பின்சக்கரத்தில், கம்பி இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள கார்கள் பலவற்றில், அதைத் திருகிக் கொண்டே அழுத்த வேண்டும். அதற்குத் தனிக் கருவி இருக்கிறது. பலவந்தமாக நெருக்கினால் காலிப்பர் கெடும். செலவு பல மடங்கு ஆகும்.

இரண்டு: பட்டன் பிரேக். இன்றையக் கார்கள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கே இல்லை. ஒரு பட்டனைத் தொட்டால் மின்சார மோட்டார் பிடித்துக் கொள்கிறது. இந்தக் காரில் முதலில் மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். பல கார்களில் அதற்குக் கம்ப்யூட்டர் கருவி தேவை. அது இல்லாமல் இறங்கினால் மோட்டார் பாழ்! வேலை நடுவே மோட்டார் திடீரென இயங்கினால் விரலும் நசுங்கும்.

மூன்று: பெடல். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. பிஸ்டனை உள்ளே தள்ளியதால், முதல் முறை மிதிக்கும்போது பிரேக் பிடிக்காது! பெடல் தரையைத் தொடும். காரை நகர்த்துவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்க வேண்டும். பிறகு ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத தெருவில், மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும். பேட் நன்றாகப் படியும் வரை வேகச் சாலைக்குப் போகக் கூடாது.

கடல் காற்றும் வெள்ளமும்

கடலூர் மாவட்டத்துக்குத் தனிக் கஷ்டங்கள் இரண்டு உண்டு.

தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரை உப்புக் காற்று. இரும்பை அது சும்மா விடாது. காலிப்பர் நகரும் "பின்" துருப்பிடித்து இறுகிவிடும். அப்போது ஒரு பேட் மட்டும் தேயும். மற்றது புதிதாகவே இருக்கும். வெளியே தெரியும் பேடைப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறதே" என்று ஏமாந்து போவோம். ஆகவே பேட் மாற்றும்போது இந்தப் பின்னைச் சுத்தம் செய்து, அதற்கு உரிய கிரீஸ் தடவ வேண்டும். பேடிலோ தட்டிலோ ஒரு சொட்டு கிரீஸ் பட்டாலும் பிரேக் பிடிக்காது.

இரண்டாவது, வெள்ளம். 2015–ம் ஆண்டு கடைசியில் வந்த வெள்ளத்தை மாவட்டம் மறக்கவில்லை. 2024 டிசம்பரில், பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை புரண்டது. வெள்ளத்தில் நின்ற காரின் பிரேக்கில் சேறு புகுந்திருக்கும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது. பிரேக் ஆயிலோ, தானாகவே காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும். பெடல் பொத்தென்று இறங்கும். பல கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஓடிய தூரம் குறைவு என்று இதைத் தள்ளிப் போடக் கூடாது.

தூசியை ஊதாதீர்கள்!

பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும், பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவார்கள். இது கெட்ட பழக்கம். பழைய பிரேக் பாகங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்த இழை நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் தரும். அமெரிக்க அரசு 2024 மார்ச்சில், அங்கு இன்னும் புழக்கத்தில் இருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாசுக்குத் தடை விதித்தது. இந்தியாவில் முழுத் தடை இல்லை. ஆகவே ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. முகத்தில் கவசமும் வேண்டும்.

போலிச் சரக்கிலும் எச்சரிக்கை தேவை. நல்ல பிரேக்குக்கு நாம் வெகு தூரம் போக வேண்டாம். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962–லேயே தொடங்கிவிட்டது. அட்டைப் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், பாக எண், விலை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

உரிமையும் பொறுப்பும்

"என் கார்! நான் ரிப்பேர் செய்யக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். வாங்கிய பொருளை ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக் கொண்ட துறைகளில் மோட்டார் வண்டியும் ஒன்று.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190–வது பிரிவையும் படிக்க வேண்டும். ஆபத்தான பழுது உள்ள வண்டியை, தெரிந்தே ஓட்டினால் குற்றம். சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடிய பழுது என்றாலும் குற்றம்தான். "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது.

முடிவு என்ன?

பிரேக்கைப் பார்ப்பது வேறு. பிரேக்கை மாற்றுவது வேறு.

பார்ப்பது எல்லோருக்கும் கடமை. பிரேக் பிடிக்கும்போது கிரீச் சத்தம் வருகிறதா? பெடல் மெத்தென்று இறங்குகிறதா? கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் ஆயில் குறைகிறதா? டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா? இதற்குப் படிப்பு வேண்டாம். கண்ணும் காதும் போதும். பக்கத்தில் உட்கார்ந்து வரும் குடும்பத்தாரும் இதைக் கவனித்துச் சொல்லலாம்.

மாற்றுவது, கருவியும் பழக்கமும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஸ்டாண்ட் இருக்கிறதா? பிஸ்டன் திருகும் கருவி இருக்கிறதா? உங்கள் காருக்கு உரிய புத்தகம் இருக்கிறதா? முதல் தடவை, அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கிறாரா? நான்குக்கும் "ஆம்" என்றால் செய்யுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் மெக்கானிக்கிடம் போங்கள். அது பட்டன் பிரேக் கார் என்றால், கம்ப்யூட்டர் கருவி உள்ள பட்டறையே நல்லது.

அங்கு போனாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கூடவே நில்லுங்கள். பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின்சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டில் செய்தால் கூலி மிச்சம். உண்மைதான். ஆனால் அந்தக் காரின் பின்சீட்டில் உட்காரப் போவது நம் பிள்ளைகள். கூலியைக் கணக்குப் பார்க்கும்போது, அதையும் சேர்த்துப் பாருங்கள்!