ஒரு கோலுக்கு 50 ஆண்டு தண்டனை!

கொலைகாரனுக்குக்கூட தண்டனைக்கு ஓர் அளவு உண்டு. ஆனால் ஒரு கோலைத் தடுக்கத் தவறியவருக்கு, சாகும்வரை தண்டனை!

அவர் பெயர் பார்போசா. பிரேசில் நாட்டு கால்பந்து அணியின் கோல் கீப்பர்.

1950-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. ரியோ டி ஜெனிரோ நகரின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். பிரேசிலும் உருகுவேயும் மோதின. டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு மேல்!

ஆட்டம் சமமாக முடிந்தாலே கோப்பை பிரேசிலுக்குத்தான். முதல் கோலையும் பிரேசிலே போட்டது. பிறகு உருகுவே ஒரு கோல் போட்டு சமன் செய்தது.

79-வது நிமிடம். உருகுவே வீரர் கிகியா வலது ஓரமாகப் பந்துடன் பாய்ந்து வந்தார். முதல் கோலின்போது அவர் இப்படித்தான் வந்து, நடுவில் நின்ற தோழருக்குப் பந்தைத் தள்ளிவிட்டார். இப்போதும் அப்படியே செய்வார் என்று பார்போசா எண்ணினார். சற்று நகர்ந்தார். கிகியாவோ நேராக கோலைப் பார்த்து அடித்தார். கம்பத்தை ஒட்டிய இடைவெளியில் பந்து புகுந்துவிட்டது. கோப்பை போயிற்று!

யார் குற்றம்?

பார்போசா லேசுப்பட்டவர் அல்ல. 1949-ல் தென் அமெரிக்கக் கோப்பையை வென்ற அணியின் கோல் கீப்பர் அவர்தான். அது யாருக்கும் நினைவு வரவில்லை.

அந்த உலகக் கோப்பையில் சுவீடனுக்கு எதிராக 7 கோலும், ஸ்பெயினுக்கு எதிராக 6 கோலும் அடித்தது பிரேசில். கடைசி ஆட்டத்தில் அடித்தது ஒன்றே ஒன்று! "ஏன்?" என்று முன்வரிசை வீரர்களை யார் கேட்டார்கள்? தேர் இழுத்தவர்கள் 11 பேர். தேர் சாய்ந்ததும் பெரும் பழி பார்போசா தலையில்!

1993-ல் பிரேசில் வீரர்களைப் பார்க்க ஆசையோடு போனார், முதியவர் பார்போசா. ராசி இல்லாதவர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இந்த நாட்டில் மிகப் பெரிய தண்டனையே 30 ஆண்டு சிறைதான். எனக்கு அதற்கும் மேல் ஆகிவிட்டது" என்று அவர் நொந்துகொண்டார். 2000-ம் ஆண்டு கண்ணை மூடினார்.

2014-ல் பிரேசில் தன் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 7-க்கு 1 என்று தோற்றது. பார்போசா இறந்து 14 ஆண்டு ஆகிவிட்டது. அன்று தோற்றது யாருடைய ராசியால்?

வெற்றியில் பங்கு கேட்க எல்லோரும் வருகிறார்கள். தோல்வியிலும் பங்கு எடுத்துக்கொள்வதுதான் நியாயம்!