எதிர்பார்க்கப்படும் முடிவு

தமிழ்த்துறை ஆய்வாளர்களுக்குத் திட்டவரைவு எழுதத் தெரியவில்லை, தமிழாய்வு தேங்கிக் கிடப்பதற்கு அதுதான் காரணம் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் ஓர் இதழில் எழுதியிருக்கிறார். மற்றத் துறைக்காரர்கள் லட்சக்கணக்கில் நிதிநல்கை வாங்குகிறார்கள், நாம் படிவத்தைப் பார்த்ததும் பின்வாங்குகிறோம், ஊர் ஊராகப் பயிலரங்கு நடத்தி இந்தக் குறையைப் போக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அப்படி நடந்த இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றைப் பாராட்டியும் எழுதியிருக்கிறார். கட்டுரையை இரண்டு முறை படித்தும் எரிச்சல் அடங்கவில்லை. 

பயிலரங்குக்குப் போய்வந்த இளம் ஆய்வாளர் ஒருவர் அங்கே எழுதிப் பழகிய வரைவை இந்த இதழை நடத்தும் எங்களிடம் காட்டினார். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர்களின் பின்னால் நான்கு வருடமாக அலைபவர் அவர். படுகளத்தில் தங்காள் அண்ணன்மாரை எழுப்பும் இடத்தை ஒரு பாடகர் ஏன் விடிய விடிய நீட்டுகிறார், இன்னொருவர் ஏன் நாலே அடியில் கடந்துவிடுகிறார் என்பதுதான் அவரைத் தூங்கவிடாத கேள்வி. வரைவில் அந்தக் கேள்வியைக் காணோம். முன்னாய்வு, ஆய்வு இடைவெளி, நோக்கங்கள், கருதுகோள், கொள்கை வகுப்புக்கான பயன் என்று கட்டங்கள் வரிசையாக நிரம்பியிருந்தன. கடைசியில், எதிர்பார்க்கப்படும் முடிவுகள் என்ற தலைப்பின்கீழ், நாட்டுப்புறக் கலைஞர்களின் வாழ்வாதாரத்தை உயர்த்தும் பரிந்துரைகள் என்று இருந்தது. இதையா நீங்கள் தேடுகிறீர்கள் என்று கேட்டோம். அப்படி எழுதினால்தான் நிதி வரும் என்று கருத்தாளர் சொன்னாராம்.

எதிர்பார்க்கப்படும் முடிவு என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எங்கள் மனம் சிக்கிக்கொண்டது. முடிவு முன்பே தெரியுமானால் தேடுவது எதற்கு? ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவருக்குக் கருதுகோள் ஒரு கருவி. அது பொய்த்தாலும் அவருக்கு லாபம்தான், பொய்த்தது என்பதே ஓர் அறிவு. அங்கே பிறந்த படிவத்தைத் தூக்கி வந்து சுவடியின்மீதும் பாட்டின்மீதும் போர்த்தினோம். போர்த்தும்போது பொய்த்துப்போகும் உரிமையை மட்டும் வெட்டிவிட்டோம். கருதுகோள் தவறினால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் படிவம் எங்கும் கேட்பதில்லை. அதனால் யாரும் தவறுவதில்லை. நேர்க்காட்சிவாதத்தின் போதாமையை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குகிற ஆசிரியர், மாலையில் இந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று பயிற்சி கொடுக்கிறார். இது எங்களுக்கு நெடுநாள் வேதனை.

இந்தப் படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் மயிலை சீனி. வேங்கடசாமியை நினைத்துக்கொள்கிறோம். பள்ளி ஆசிரியர். 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’, 1954-இல் ‘சமணமும் தமிழும்’. இந்த இதழை நடத்துகிறவர்களில் பாதிப்பேரைத் தமிழாய்வின் பக்கம் இழுத்து வந்தது அவருடைய ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’. கையில் இல்லாத நூல்களைப் பற்றிய நூல் அது. யாப்பருங்கல விருத்தியிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் புறத்திரட்டிலும் உதிர்ந்து கிடக்கும் செய்யுள்களைப் பொறுக்கி, இது தகடூர் யாத்திரை, இது குண்டலகேசி என்று பெயர் சொல்லி அடுக்குகிறார். பெயர் மட்டுமே எஞ்சிய நூலுக்கும் ஓர் இடம் கொடுக்கிறார். மாணவப் பருவத்தில் இரவல் படியில் அதைப் படித்த நாட்கள் இன்றும் நினைவிருக்கின்றன. ஒரு மொழி எவ்வளவை இழந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் ஆய்வுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நூலுக்கு எதிர்பார்க்கப்படும் முடிவு என்று அவர் எதை எழுதியிருக்க முடியும்? எத்தனை நூல் மறைந்தது என்பது தேடி முடிக்கும்வரை அவருக்கே தெரியாது. அதில் கொள்கை வகுப்புக்கான பயன் ஏதுமில்லை. இன்றைய மதிப்பீட்டுக் குழு முதல் சுற்றிலேயே அதைத் தள்ளியிருக்கும்.

அவரைப் போலவே எல்லோரும் கைக்காசில் பட்டினி கிடந்து ஆராய வேண்டும் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தியாகத்தைக் காட்டி ஊதியத்தை மறுப்பது இந்த நாட்டில் பழைய தந்திரம். பொதுப்பணம் வேண்டும், நிறைய வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பொதுப்பணத்தில் வந்ததுதான். 1913-இல் சாண்ட்லர் பாதிரியார் பொறுப்பில் வேலை தொடங்கியது. ஆகும் செலவு ஒரு லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். முதல் தொகுதி 1924-இல் வந்தது. 1926-இல் வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியரானார். 1936-இல் ஆறு தொகுதிகள் நிறைவுற்று, பிறகு அநுபந்தமும் வந்தபோது செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. மதிப்பீடு நாலு மடங்கு பிசகியது. சொல் ஒவ்வொன்றும் எத்தனை நாள் பிடிக்கும் என்பதைச் சொல்தான் முடிவு செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கிற அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் இன்றும் எங்கள் மெய்ப்புத் திருத்தம் நடப்பதில்லை. வேலையின் பின்னால் பணம் போனது. இப்போது பணத்தின் பின்னால் வேலை போகிறது. எங்கள் சண்டை இதனோடுதான், பணத்தோடு இல்லை.

பயிலரங்கு என்கிறார்களே, தஞ்சாவூரில் 1912-இல் தொடங்கி ஆபிரகாம் பண்டிதர் கூட்டிய ஆறு இசை மாநாடுகளை அந்தப் பேராசிரியர் நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்து விற்ற காசில் கூட்டினார். சுருதி இருபத்திரண்டா இருபத்துநான்கா என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. எதிர்த்தரப்புக்காரர்கள் இருக்கிற பரோடா மாநாட்டுக்கு 1916-இல் தம் பெண்மக்களை அழைத்துப் போய், தம் கணக்கை வீணையில் வாசித்துக் காட்டவைத்தார். அடுத்த ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ தம் சொந்த அச்சகத்திலேயே வந்தது. அவர் கணக்கை ஏற்காதவர்கள் உண்டு. ஏற்காதவர்களைத் தேடிப் போய் அவர்கள் முன்னால் நின்றாரே, அதைத்தான் நாங்கள் கூட்டம் என்கிறோம். இன்றைய பயிலரங்குகளில் பொன்னாடை, குழுப்படம், பிற்பகலில் சான்றிதழ். மறுத்துப் பேச ஒருவரும் வருவதில்லை, மறுப்புக்கு நிரலில் நேரமும் கிடையாது.

இளைஞர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 2010-இல் பல்கலைக்கழக நிதிநல்கைக் குழு கல்வியாளர்களின் உழைப்பைப் புள்ளிகளாக மாற்றியது. அதற்குப் பின் விதிகள் பலமுறை மாறின. புள்ளி எண்ணும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு 11 மாதம் மட்டும் தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளருக்குச் சான்றிதழ் என்பது அடுத்த வருடச் சோறு. எங்களுக்குக் கட்டுரை அனுப்ப விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டா என்பதைத்தான். இல்லை என்கிறோம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு இடத்தில் காசு கட்டி அச்சேற்றுகிறார்கள். அவர்கள்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. நிலையான ஊதியம் வாங்கிப் பாதுகாப்பாக ஓய்வுபெற்றுவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பும் திறன்தான் குறை என்று எழுதுகிற மூத்தவர்கள்மீதுதான் கோபம். இந்த இளைஞர்களுக்குக் குறைவது நேரம். சுவடி நூலகத்தில் ஒரு மாதம் உட்காரும் நேரம், ஒரு பாடகரின் திண்ணையில் மூன்று இரவு விழித்திருக்கும் நேரம். அந்த நேரத்தைக் கேட்டு அந்தப் பேராசிரியர் எழுதியிருந்தால் முதல் கையெழுத்து நாங்கள் போட்டிருப்போம்.

உடுக்கைப் பாட்டு ஆய்வாளரிடம், அந்த வரைவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, படுகளத்து இரவைப் பற்றி மட்டும் எழுதித் தரச் சொன்னோம். முப்பது பக்கம் வந்திருக்கிறது. முடிவு எதையும் எட்டவில்லை, இன்னும் இரண்டு பாடகர்களைக் கேட்க வேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கமும் குறைக்காமல் இந்த இதழிலேயே வெளியிடுகிறோம். வாசகர்கள் படித்துவிட்டு எதிர்வினை எழுதுங்கள். அவர் மறுபடி கொங்குப் பக்கம் போய்வர ஆகும் செலவில் பங்கு தர முடிந்தவர்கள் இதழின் முகவரிக்கே அனுப்பலாம்.