சுவரில் காய்ந்த பாசி... ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்!

சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்ற ஒரு காரணம், அங்குள்ள வறண்ட வானிலை. மருந்து சீக்கிரம் காய வெயில் வேண்டும். ஆனால், அதே வெயிலில் கருகிச் சுருண்டு, மழைக்காகக் காத்திருக்கும் ஒரு குட்டித் தாவரமும் பழைய சுவர்களில் உண்டு. அதுதான் 'மாஸ்' எனப்படும் பாசி.

கிணற்றுப் படியில் வழுக்கிவிடும் பாசி வேறு, அது ஆல்கா. மாஸ் தொட்டால் வெல்வெட் போல இருக்கும். உற்றுப் பார்த்தால் குட்டித் தண்டும் இலைகளும் தெரியும்.

தென்னிந்தியச் சமவெளிச் சுவர்களில் பரவலாக இருப்பது 'ஹயோஃபிலா இன்வொலூட்டா'. முதல் சொல்லுக்கு 'மழையை விரும்புவது' என்று பொருள். இரண்டாவதற்கு 'உள்நோக்கிச் சுருண்டது'. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது!

எப்படிக் கண்டுபிடிப்பது?

* காய்ந்திருக்கும்போது இலைகள் குழல் போலச் சுருண்டிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரியும்.

* இதன் வித்துப்பை நிமிர்ந்த உருளை வடிவில் இருக்கும். பாடப்புத்தகத்தில் பார்த்த ஃபுனேரியாவுக்கோ, வளைந்த காம்பில் பேரிக்காய் போலத் தொங்கும்.

* இலை நுனிகள் வெள்ளி போல மின்னினால், அது 'பிரையம் அர்ஜென்டியம்' ஆக இருக்கலாம்.

லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது. சந்தேகம் இருந்தால், மைக்ராஸ்கோப்தான் தீர்ப்பு சொல்லும்.

சரி, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. மழைநீரையும் காற்றில் வரும் தூசியையும் உடம்பாலேயே வாங்கிக்கொள்ளும். அதனால் காற்றிலுள்ள உலோகங்கள் அதில் தங்கிவிடும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 346 இடங்களில் மரப் பாசியைச் சேகரித்துச் சோதித்தார்கள். வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு அருகே காட்மியம் அதிகமாக இருப்பது 2016-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே எல்லா இடத்திலும் எடுத்தது ஒரே இனப் பாசி. இனம் மாறினால் உலோகத்தை வாங்கும் அளவும் மாறும், ஒப்பீடே தவறாகிவிடும்.

பட்டாசின் பச்சை நிறத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம். பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. பட்டாசு ஊர்களின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க நினைப்பவர்களுக்கு, சுவரில் இருக்கும் பாசியும் ஒரு சாட்சி. சாட்சியின் பெயர் சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் பார்த்தால் படம் மட்டும் எடுங்கள், பறிக்க வேண்டாம். வீட்டுச் சுவரில் பார்த்தால், பிளீச்சிங் பவுடரை எடுக்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.