நோட்டுல எழுதி என்னத்தக் கிழிச்ச?

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஆணி ஜாஸ்தியானதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன வாரம் ஒரு போன் வந்தது. அதுக்கப்புறம் தள்ளிப்போட மனசு வரவில்லை. போன் கதை கடைசியில். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கு :-)

நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பதினோரு வருஷமாக எனக்கு ஒரு பழக்கம். படித்த புத்தகம், பார்த்த படம், கேட்டுப் பிடித்துப்போன பாட்டு, மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பேன். தேதி, பேரு, எங்கே, யாரோட, ஒரு வரி. அவ்வளவுதான். சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு. இதுவரை ஒன்பது ஆகியிருக்கிறது.

இதுக்கு நான் வாங்கின பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. பேசினவர்களை மூன்று கோஷ்டியாகப் பிரிக்கலாம்.

*

முதல் கோஷ்டி: "இதெல்லாம் எழுதி என்னத்தக் கிழிக்கப் போற? யாருக்கு உபயோகம்?"

முதல் உபயோகம் எனக்கு. நோட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜி.நாகராஜனோட 'நாளை மற்றுமொரு நாளே' நாவலை ரெண்டு புத்தகக் கண்காட்சியில் ரெண்டு தடவை காசு கொடுத்து வாங்கினவன் நான். படித்ததே மறந்துபோய், நாற்பது பக்கம் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. தலைப்பு ராசி போல. ஹி..ஹி..

அடுத்தவனுக்கு உபயோகமா என்று கேட்டால், ஃபிலிம் நியூஸ் ஆனந்தனை ஞாபகப்படுத்துகிறேன். 2016ல் காலமானார். தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களை ஒண்ணு விடாமல் சேர்த்து வைத்த தனி மனிதர். யாரும் சம்பளம் கொடுத்து அந்த வேலையைச் செய்யச் சொல்லவில்லை. 2004ல் அது 'சாதனைகள் படைத்த தமிழ் திரைப்பட வரலாறு' என்று தலையணை சைஸ் புத்தகமாக வந்தது. இன்றைக்குப் பழைய தமிழ்ப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவர் சேர்த்த விவரத்தைத் தாண்டிப் போக முடியாது.

முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' 1931ல் வந்தது. அதோட பிரிண்ட் இன்றைக்கு இல்லை. படமே போய்விட்டது. அப்போ யாரோ எழுதி வைத்ததும் அச்சடித்ததும்தான் மிச்சம். இப்போ சொல்லுங்க, உபயோகமில்லையா?

"சரிப்பா, அவர் ஆனந்தன். நீ யாரு?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நான் யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்க ஏரியாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். காலையில் கம்பெனி பஸ் ஏறினதில் இருந்து எங்களை யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தான், கேன்டீனில் டோக்கன் போட்டானா, ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ், அதில் ரிஜெக்‌ஷன் எத்தனை, லைனை விட்டு எத்தனை நிமிஷம் வெளியே போனான்... எல்லாத்துக்கும் ரெக்கார்ட் உண்டு. எங்க வேலையில் வேதவாக்கே, 'எழுதலைன்னா நடக்கலை'. ஆடிட்டுக்கு வருகிறவர் முன்னால் நீங்க தலைகீழாக நின்று சத்தியம் செய்தாலும், ஷீட்டில் கையெழுத்து இல்லையென்றால் அந்த சோதனை நடக்கவே இல்லை.

அப்படியென்றால், இந்த மனுஷன் ராத்திரி ரூமுக்கு வந்து என்ன படித்தான், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான்? எந்த ஷீட்டிலும் அதுக்குக் கட்டம் கிடையாது. நாமும் எழுதவில்லை என்றால், எங்க கம்பெனி கணக்குப்படியே, அது நடக்கவில்லை.

பெரிசா பில்டப் கொடுக்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடியது. கோடிக்கணக்கில் போன் செய்த இடம். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள், நிறைய பேர் ஊரை விட்டு வந்து ஹாஸ்டலிலும் வாடகை ரூமிலும் தங்கின சின்ன வயசுப் பெண்கள். எத்தனை போன் வெளியே போனது என்று கணக்கு இருக்கு. ஊரே பாட்டு கேட்ட போனைச் செய்த அந்தப் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து என்ன பாட்டு கேட்டார்கள், லீவு நாளில் என்ன படம் பார்த்தார்கள்? யாராவது ஒருத்தி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதுதான் அந்த எட்டு வருஷத்தோட வரலாறு. இருந்தால் பத்திரமாக வையுங்கம்மா, பழைய பேப்பரோட போட்டுடாதீங்க.

இன்னொருத்தரையும் சொல்லிவிடுகிறேன். பகத்சிங் 1929ல் லாகூர் சிறையில் இருந்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். மார்க்ஸ், தாமஸ் பெயின், உமர் கய்யாம் என்று படித்ததில் இருந்து குறிப்பெடுத்து நிரப்பினார். 1931 மார்ச் 23ல் தூக்கு. அவரைப் பற்றி போலீஸ் எழுதியது இருக்கு, கோர்ட் எழுதியது இருக்கு. அதிலெல்லாம் அவர் கைதி. 1994ல் புத்தகமாக வந்த அந்த நோட்டில்தான் அவர் வாசகர். என்னைப் பகத்சிங்கோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று அடிக்க வராதீங்க. சாவு எப்போ என்று தெரிந்த மனுஷனே 'எழுதி என்ன உபயோகம்' என்று கேட்கவில்லை. அதைச் சொல்ல வந்தேன்.

*

இரண்டாவது கோஷ்டி: "அதான் ஆப் இருக்கே பாஸ்! அதுவே கணக்கு வெச்சுக்குது."

இந்தக் கோஷ்டியைப் பார்த்தால்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். வருஷக் கடைசியில் கலர் கலராக ஒரு லிஸ்ட் வரும், 'நீ இந்த வருஷம் அதிகம் கேட்ட பாட்டு' என்று. உடனே எல்லாரும் ஸ்டேட்டஸில் வைத்துப் புல்லரித்துப் போவார்கள்.

ஐயா, அந்த லிஸ்ட் வருஷம் முடிகிறதுக்கு முன்னாடியே வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? மார்கழி பிறப்பதற்குள் கணக்கை மூடிவிடுகிறான். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். திருப்பாவை ஜீயர் என்றே அவருக்குப் பேரு. மார்கழி விடியலில் இங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவன் காதில் திருப்பாவை விழாமல் போகாது. அது எந்த ஆப் லிஸ்டில் வரும்? கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அண்ணன் போடுகிற ஐயப்பன் பாட்டு? பக்கத்து சீட்காரன் இயர்போனில் பாதி கடன் வாங்கிக் கேட்ட ராஜா பாட்டு? மெஸ் டிவியில் சாம்பார் வாளிக்கு நடுவில் அரைகுறையாகப் பார்த்த படம்? கிளை நூலகத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்த புத்தகம்?

ஆப் எழுதுவது அவன் கடையில் நீங்க எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்ற கணக்கு. கேட் ரெஜிஸ்டர் மாதிரிதான். கூடக் கொஞ்சம் கலர் அடித்துக் கொடுக்கிறான்.

கடையை எப்போ மூடுவான் என்றும் தெரியாது. கூகுள் ப்ளே மியூசிக் 2020ல் மூடப்பட்டது. வேறு ஆப்புக்கு லிஸ்டை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. அந்த அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டவன் லிஸ்ட் போனது போனதுதான். என்னோட முதல் நோட்டு, மழையில் ஒரு தடவை நனைந்தும்கூட, இன்றைக்கும் படிக்க வருகிறது.

*

மூன்றாவது கோஷ்டி எழுதுகிறவர்கள்தான். ஆனால் எண்ணிக்கைப் பைத்தியங்கள். "இந்த வருஷம் நூறு புக் டார்கெட்." எட்டு மணி நேரம் டார்கெட்டில் உயிர் போவது பத்தாதா? ரூமுக்கு வந்தும் டார்கெட்டா?

நானும் ஒரு வருஷம் இப்படி ஆடினேன். ஒத்துக்கிறேன். நோட்டில் நம்பர் ஏற வேண்டும் என்பதற்காகவே ஒல்லியான புத்தகமாகத் தேடிப் படித்தேன். நவம்பர், டிசம்பரில் வேக வேகமாகப் பக்கம் தள்ளினேன். ஷிஃப்ட் முடியும்போது செக் ஷீட்டில் எட்டு மணி நேரத்துக்கும் மொத்தமாக டிக் அடிப்பார்களே, அதே திருட்டுத்தனம். அந்த வருஷ நோட்டைத் திறந்தால் பேருதான் இருக்கு. ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

அதிலிருந்து நம்பர் போடுவதில்லை. ஸ்டார் போடுவதும் இல்லை. பாதியில் விட்டதை 'பாதி' என்றே எழுதுவேன். ஏன் விட்டேன் என்று ஒரு வரி. 'நைட் ஷிஃப்ட், தூக்கம்' என்பதும் ஒரு காரணம்தான்.

*

இப்போ போன் கதை.

மாத்தூரில் நாங்க ஆறு பேர் ஒரு ரூமில் இருந்த காலத்தில் வந்தவாசிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் கூட இருந்தான். கான்ட்ராக்ட். என்னை அதிகமாக ஓட்டினவன் அவன்தான். "அண்ணன் பரீட்சைக்கு நோட்ஸ் எடுக்குறாருடா" என்பான். அவன் இரண்டாவது கோஷ்டி. கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனான், அப்புறம் வேறு வேலை, வேறு நம்பர்.

போன வாரம் கூப்பிட்டான். "அண்ணே, அந்த நோட்டெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா?"

அவன் அப்பா போன வருஷம் தவறிவிட்டார். விவசாயி. முதல் வருஷ திதிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது பேச்சு வந்திருக்கிறது. அப்பா ஒரே ஒரு தடவை மகனைப் பார்க்க இங்கே வந்தார், சினிமாவுக்குக் கூட்டிப் போனான். என்ன படம்? இவன் 'மெர்சல்' என்கிறான், தங்கச்சி இல்லை என்கிறாள். டிக்கெட் எடுத்தது ஆப்பில், பழைய நம்பரில். அந்த நம்பர் இப்போ வேற யார்கிட்டயோ இருக்கு. ஓடிபி அங்கே போகிறது.

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு பெட்டியைத் திறந்தேன். நாலாவது நோட்டில் இருந்தது. படித்துக் காட்டினேன்.

"22.7.2018, ஞாயிறு. கடைக்குட்டி சிங்கம். பூந்தமல்லி. நான், தம்பி, தம்பியோட அப்பா. இன்டர்வெல்லில் எல்லாருக்கும் அவர்தான் முறுக்கு வாங்கினார், காசு கொடுக்க விடவில்லை. படம் எப்படிப்பா என்றதுக்கு, ரேக்ளா மாடு நல்ல மாடு, சொந்தக்காரங்கதான் ஜாஸ்தி என்றார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். "ஆமாண்ணே, அவரு அப்படித்தான் பேசுவாரு" என்றான். "இன்னொரு தரம் படிங்கண்ணே."

படித்தேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். முறுக்கு விஷயம் எனக்கும் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

என்னத்தக் கிழிச்ச என்று கேட்டீங்க இல்லையா? இதைத்தான்.

பி.கு: நோட்டு இருபது ரூபாய், பேனா பத்து ரூபாய். போனை கேட்டில் வாங்கி லாக்கரில் வைக்கிற கம்பெனியில்கூட இதை உள்ளே விடுவார்கள். இன்றைக்கு ராத்திரி பார்க்கிற படத்தில் இருந்து ஆரம்பிங்க. மொக்கைப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, யாரோட பார்த்தீங்கன்னு மட்டும் மறக்காம எழுதுங்க.