உம்மாவும் மகளும் ஒரு கணக்கும்



ஸ்பிரிங்வெளியில் ஒரு தாய் தன் மகளின் கணிதக் கொப்பியோடு என்னிடம் வந்தார். பிள்ளை பதினோராம் தரம். தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 28 புள்ளி.

"மௌலவி, பொம்புளப் புள்ளைக்கு இந்த எழுத்துக் கணக்கு என்னத்துக்கு, படிச்சது போதும் எண்டு இவட வாப்பா சொல்றார். எனக்கும் இதுல ஒண்டும் விளங்குதில்ல. நான் எப்படிச் சொல்லிக் குடுக்க?" என்றார்.

சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்குப் போகும் வழி குறுகிவிடும். ஆகவே அன்று அந்தத் தாய்க்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

பிள்ளைகள் அஞ்சும் அட்சரகணிதத்தை ஒரு துறையாக ஒழுங்குபடுத்தித் தந்தவர் முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி. கலீபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாத்தில் வாழ்ந்தவர். ஏறக்குறைய 820இல் எழுதிய அவருடைய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லே ஐரோப்பாவுக்குப் போய் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. 1145இல் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டது. அந்த நூலில் இன்றைய குறியீடு ஒன்றுமே இல்லை. எல்லாம் வெறும் சொற்கள். எழுத்துக் கணக்குக்கு அஞ்சும் உம்மாமாருக்கு இது நல்ல செய்தியல்லவா?

'ஜப்ர்' என்றால் உடைந்ததைச் சேர்த்துச் சீர்செய்தல். எலும்பைப் பொருத்திக் கட்டுவதற்கும் அரபியில் இதே சொல்தான். 'முகாபலா' என்றால் இரு பக்கத்தையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்த்தல். கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எடையுள்ள ஐந்து அரிசிப் பைகளின் நிறையில் 4 கிலோ குறைந்தால், அது இரண்டு பைகளுக்கும் 5 கிலோவுக்கும் சமம். ஒரு பை எத்தனை கிலோ?

முதற்படி: குறையைச் சீர்செய்யுங்கள். இரு தட்டிலும் 4 கிலோ கூட்டினால், ஐந்து பைகள் = இரண்டு பைகள் + 9 கிலோ. இது ஜப்ர்.

இரண்டாம் படி: இரு தட்டிலிருந்தும் இரண்டு பைகளை எடுங்கள். மூன்று பைகள் = 9 கிலோ. இது முகாபலா.

மூன்றாம் படி: ஒரு பை 3 கிலோ.

சரிபாருங்கள்: 15இல் 4 போனால் 11. மறுபக்கம் 6உம் 5உம் 11. சரி.

இனிக் கேத்திரகணிதத்துக்கு வருவோம். குவாரிஸ்மி எடுத்துக்காட்டிய பிரபலமான கணக்கு இது: ஒரு சதுரத்தின் பரப்போடு அதன் பக்கத்தின் 10 மடங்கைக் கூட்டினால் 39. பக்கம் எவ்வளவு?

வீட்டுப் பின்புறத்தில் சதுரமான கீரைப் பாத்தி ஒன்று இருக்கிறது. அதை ஒரு பக்கமாக 10 அடி நீட்டினோம். மொத்தப் பரப்பு 39 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடதாசியில் வெட்டிப் பாருங்கள்.

1. நீட்டிய துண்டை 5 அடி, 5 அடியாக இரண்டாக வெட்டுங்கள்.

2. ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றதைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். பரப்பு இன்னும் 39தான்.

3. இப்போது ஒரு பெரிய சதுரம். ஆனால் மூலையில் ஒரு துண்டு குறைகிறது. அது 5க்கு 5, அதாவது 25.

4. அதையும் வைத்தால் 39 + 25 = 64. எட்டெட்டு அறுபத்துநான்கு, ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம் 8.

5. அதில் ஒட்டிய 5ஐக் கழித்தால் 3. பாத்தியின் பக்கம் 3 அடி. சரிபார்த்தால் 9உம் 30உம் 39.

பாடசாலையில் 'நிறைவர்க்கம் ஆக்குதல்' என்பது இதுதான். 25ஐ ஒரு பக்கம் மட்டும் கூட்டிவிட்டு மறுபக்கத்தை மறப்பதே பிள்ளைகள் அதிகம் விடும் பிழை. மூலைத் துண்டைக் கையால் வைத்த பிள்ளைக்கு அந்த மறதி வராது. இன்னொன்று: நீளம் மறையாக இருக்க முடியாது என்பதால் பாத்திக்கு 3 மட்டுமே விடை. வெறும் சமன்பாடாகக் கேட்டால் −13உம் விடையாகும். பரீட்சையில் இரண்டையும் எழுத வேண்டும்.

நானும் அரபுக் கல்லூரியில் மீராஸ் பங்கீட்டை முதலில் மனனம்தான் செய்தேன். ஏன் அப்படி வருகிறது என்பது பிறருக்குக் கற்பிக்கும்போதுதான் விளங்கியது. விளங்காமல் மனனம் செய்தது கேள்வி சற்று மாறினாலும் கைவிட்டுவிடும்.

வாப்பாவின் கேள்விக்கும் குவாரிஸ்மியிடம் பதில் உண்டு. அந்நூலின் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுச் சொத்துக் கணக்குகளே. பெண்ணுக்கும் சொத்தில் பங்கு வைத்த மார்க்கம் இது. தன் பங்கு எவ்வளவு என்று கணக்கிடத் தெரியாதவள் பிறர் சொல்லும் தொகையைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கென்றால், இதற்குத்தான்.

சகோதரிகளே, இன்றிரவு சமையல் வேலை முடிந்ததும் மகளோடு உட்காருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, "எனக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். உம்மாவுக்கு விளங்கப்படுத்தும்போது பிள்ளைக்குத் தானே விளங்கும். பயிற்சிக்கு ஒன்று: சதுரத்தின் பரப்போடு பக்கத்தின் 6 மடங்கைக் கூட்டினால் 55. கடதாசி வெட்டிச் செய்து, பக்கம் 5 என்று வந்தால், அதை வாப்பாவுக்கு முன்னால் பிள்ளையே ஒருமுறை செய்து காட்டட்டும்.

வஸ்ஸலாம்.