ரவுட்டரை விற்குமுன் காரணத்தைப் பாருங்கள்

"நானா, இராச் சாப்பாட்டு நேரமானால் கொம்பியூட்டர் படம் ரீவியில் நின்று நின்று ஓடுது. புது ரவுட்டர் ஒண்டு தாங்க" என்று வெள்ளாங்குளத்தில் ஒருவர் கேட்டார். கொடுத்திருந்தால் அன்றே இலாபம். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால், பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு. இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் சமிக்ஞை குழம்பியது.

ரவுட்டரை உயரத்தில் வைத்து, கணினியையும் ரீவியையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினோம். படம் தடையின்றி ஓடியது. இடையில் சுவர்கள் அதிகமென்றால் இதுவும் பலவீனப்படும். அங்கே கேபிளே நல்லது. ரீவிக்குக் கணினியே தெரியாவிட்டால், இரண்டும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா எனப் பாருங்கள்.

வியாபார அன்பர்களே, தேவையில்லாத பொருளைத் தலையில் கட்டாதீர்கள். சிற்றூரில் ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கை போனால், அந்தத் தெருவே போய்விடும்.